மூன்று பேலட்டும் ஒரு பிடிவாதக் குதிரையும்

எங்கள் ஊரான கூரம்பூலில் மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்துக்கு விடுமுறை கிடையாது. நவம்பர் மாதத்து முதல் செவ்வாயன்று மெல்பர்ன் நகரமே வேலையைப் போட்டுவிட்டுத் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கும். நாங்கள் அந்த விடுமுறையைத் தீர்மானம் போட்டு, அக்டோபரில் நடக்கும் செம்மறியாட்டுக் கண்காட்சிக்கு மாற்றிக்கொண்டோம். குதிரை எங்களுக்கு என்ன செய்தது? ஆடுதான் சோறு போடுகிறது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதன் பலனை என் அக்கா பிரைடி அனுபவித்தாள்.

பிரைடி கம்பளி உருண்டை செய்கிறாள். துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் ஆறு உருண்டைகளைப் போட்டால் துணி சீக்கிரம் காயும் என்று சொல்லப்படுகிறது. சொல்வது பிரைடி. நான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிப்பவன். ஆகவே இது பற்றி என்னிடம் யாரும் கருத்துக் கேட்கக்கூடாது என்று வீட்டில் தடை இருக்கிறது. ஜூலையில் அக்கா பல் டாக்டரிடம் பார்த்துவந்த வரவேற்பாளர் வேலையை விட்டாள். அதிலிருந்து எங்கள் அப்பாவின் கார் கொட்டகையில் கார் இல்லை, உருண்டைதான்.

விற்பது இணையத்தில். ஒரு பெரிய இணையச் சந்தை. சரக்கு முன்கூட்டியே மெல்பர்ன் மேற்கில் இருக்கும் அவர்களுடைய கிடங்குக்குப் போய்ச் சேர வேண்டும். பேலட் என்னும் மரத்தட்டின் மீது அடுக்கி, பிளாஸ்டிக் உறை சுற்றி, நாலு பக்கமும் சீட்டு ஒட்டி, அவர்கள் கொடுத்த தேதியில், அவர்கள் கொடுத்த மணிக்கு. அந்த நேரத்துக்கு ஸ்லாட் என்று பெயர். கல்யாண முகூர்த்தம் தவறினால்கூட அடுத்த முகூர்த்தம் உண்டு. ஸ்லாட் தவறினால் கரும்புள்ளி. அளவிலோ சீட்டிலோ தப்பு இருந்தாலும் அதேதான். மூன்று கரும்புள்ளி வாங்கினால் பிப்ரவரி வரை சரக்கு அனுப்ப முடியாது.

பிரைடியிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தன. முதல் தடவை, அடுக்கும்போது உயரம் அளவுக்குள்தான் இருந்தது. வழியில் அடித்த வெயிலில் கம்பளி மூச்சு விட்டதில் நாலு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டது. இரண்டாம் தடவை, சீட்டை ஒட்டியபின் அதன்மேல் உறை சுற்றிவிட்டோம், கிடங்குக் கருவியால் சீட்டைப் படிக்க முடியவில்லை. ஒட்டியது நான். அதைப் பற்றி வீட்டில் போதுமான அளவு பேசியாகிவிட்டது.

இப்போது கிறிஸ்துமஸ் சரக்கு. மூன்று பேலட். பத்தாயிரத்து எண்ணூறு உருண்டைகள். இது கிடங்குக்குள் போகாவிட்டால் பிரைடிக்குக் கிறிஸ்துமஸ் பிப்ரவரியில் வரும், பல் டாக்டரின் வரவேற்பு மேஜை அதற்கு முன்பே திரும்ப வந்துவிடும்.

மூன்று பேலட்டுக்குத் தனி லாரி யாரும் பிடிப்பதில்லை. பஸ்ஸில் இடம் போடுவது மாதிரி, பலர் சரக்கோடு சேர்ந்து போகும் லாரியில் மூன்று பேலட் அளவு இடம் பிடிப்போம். ஊரில் அந்த இடத்தைப் போட்டுக் கொடுப்பவள் நோலீன். லாரி ஷெட் அவளுடையது. இந்த ஊரில் எல்லாரும் அவளுக்குக் கண்ணுதான், பாதிரியார் உட்பட.

திங்கட்கிழமை மதியம் சரியாக மூன்று மணிக்கு நாங்கள் பேலட்டுகளை இறக்கினோம். நோலீன் தாளைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"கண்ணு, ஸ்லாட் என்னிக்குன்னு சொன்ன?"

"நாளைக்கு. ரெண்டு நாப்பது" என்றாள் பிரைடி.

"நாளைக்கு என்ன நாளு?"

"செவ்வாய்."

"என்ன செவ்வாய்?"

பிரைடி என்னைப் பார்த்தாள். "சாதாரண செவ்வாய்தான்" என்றேன் நான்.

"உனக்குச் சாதாரணம்டா ஃபெர்கஸ். மெல்பர்ன்ல நாளைக்குக் கப் டே, பந்தய லீவு. ராத்திரி லாரியில போற சரக்க அங்க எங்க ஷெட்டுல இறக்கி, வேற வண்டியில ஏத்தித்தான் கிடங்குக்கு அனுப்புவாங்க. அந்த ஷெட்டு நாளைக்குப் பூட்டு."

"ஆனா கிடங்கு திறந்திருக்கே. அவங்கதானே இந்த ஸ்லாட்டக் குடுத்தாங்க."

"ஏசு திரும்பி வந்தாலும் அவங்க திறந்துதான் வெச்சிருப்பாங்க கண்ணு. ஸ்லாட் போட்டிருக்கியான்னு அவரையே கேப்பாங்க. நடுவுல இருக்கறவன்தான் லீவு."

பிரைடி கைப்பேசியை எடுத்தாள். ஸ்லாட்டை மாற்ற இருபத்துநாலு மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். எங்களிடம் இருபத்துமூன்று மணி நாற்பது நிமிடம் இருந்தது. அவள் ஒரு பேலட் மேல் உட்கார்ந்தாள். அது கம்பளி என்பதால் மெதுவாக இறங்கியது.

"இறங்குடி, உயரம் குறைஞ்சாலும் ஏதாவது சொல்வாங்க" என்றேன்.

"இன்னொரு வார்த்த பேசினா உன்னையும் உறை சுத்தி அனுப்பிடுவேன்."

மறுநாள் மெல்பர்னுக்கு ஓடும் லாரி தேடி நோலீன் இதற்குள் தொலைபேசியை எடுத்திருந்தாள். முதலில் பாலாடைக்கட்டிக்காரர். அவர் விடுமுறையில் இருந்தார். அடுத்து குதிரைச் சேணம் தைக்கிறவர். அவர் ஏற்கெனவே பந்தயத்துக்குக் கிளம்பியிருந்தார். எட்டாவது அழைப்பில் நோலீனின் புருவம் உயர்ந்தது.

"ஹர்னேக்கா? நாளைக்கு ஓடறியா? எதுக்கு? ஓ. சரி, சரி. மூணு இடம் இருக்கா?"

தொலைபேசியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். "ஹர்னேக் பந்தய மைதானத்துத் தொழுவத்துக்கு காரட் ஏத்திட்டுப் போறான். லீவுன்னா குதிரைக்குப் பசிக்காதா? அதான் ஓடறான். காரட்ட இறக்கிட்டு நேரே உங்க கிடங்கு. நடுவுல ஷெட்டே கிடையாது."

"நோலீன், உன்னக் கல்யாணம் பண்ணிக்கறேன்" என்றாள் பிரைடி.

"ரெண்டு தடவ பண்ணிப் பாத்துட்டேன் கண்ணு. ஒண்ணும் இல்ல அதுல."

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹர்னேக் வந்தார். பஞ்சாபிலிருந்து வந்து இருபது வருடமாக இந்தச் சாலையில் ஓட்டுகிறவர். தலைப்பாகை அன்று ஆரஞ்சு நிறம்; காரட்டுக்காக அல்ல என்று முன்னமே சொல்லிவிட்டார். முன்னால் மூன்று இருக்கை. நடுவில் நான் மாட்டினேன்.

"காரட் முதல்ல. அப்புறம்தான் உங்க சாமான்" என்றார். "அது என்ன சாமான்?"

பிரைடி விளக்கினாள். அவர் பத்து கிலோமீட்டர் யோசித்தார்.

"துணி காயறதுக்குக் கம்பளியா? வெயில்ல போட மாட்டாங்களா?"

"மெல்பர்ன்ல ஏது வெயில்?"

"அதுவும் சரிதான்."

மைதானத்தைச் சுற்றிச் சாலை முழுவதும் கோட்டு சூட்டும் இறகுத் தொப்பியும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நடந்த பெண்கள், எங்கள் லாரியைப் பார்த்துக் கையசைத்தார்கள். நாங்களும் அசைத்தோம். நாற்பது நிமிடம் அசைத்தோம். லாரி நகரவில்லை. காரட் இறங்கியபோது மணி ஒன்று ஐம்பது. பிரைடி நகத்தைக் கடிக்க ஆரம்பித்து, பல் டாக்டர் ஞாபகம் வந்து நிறுத்தினாள்.

கிடங்கு வாசலை இரண்டு முப்பத்தைந்துக்குத் தொட்டோம். வரிசை. இரண்டு ஐம்பதுக்குத்தான் இறக்கும் மேடை கிடைத்தது. ஸ்லாட்டுக்கு அரை மணி சலுகை உண்டு. மூன்று பத்துக்குள் மூன்று பேலட்டும் கருவியில் பதிவாக வேண்டும். ஒன்று தவறினாலும் மொத்தமும் தவறியதாகத்தான் கணக்கு.

மேடையில் எங்களை ஒரு மஞ்சள் சதுரத்துக்குள் நிறுத்தினார்கள். வெளியில் கால் வைக்கக் கூடாது. பேலட் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டியவர் விலியாமி, டோங்காத் தீவுக்காரர். அவர் ஏறி உட்கார்ந்தால் வண்டி பொம்மை மாதிரி இருந்தது. முதல் பேலட்டை இறக்கினார், கருவியைக் காட்டினார், பச்சை. இரண்டாவது, பச்சை. அப்போதுதான் மேற்பார்வை செய்யும் பெண் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். உள்ளே குதிரைப் பெயர் எழுதிய சீட்டு; ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும், எடுத்த குதிரை ஜெயித்தால் பரிசு.

"இருபத்துநாலு குதிரை, எங்க ஷிஃப்டுல இருபத்துமூணு பேரு" என்றார் விலியாமி பிரைடியிடம். "ஒண்ணு அனாதையா நிக்குது. நீ எடுத்துக்க தங்கச்சி."

பிரைடி பார்க்காமல் எடுத்து என்னிடம் கொடுத்தாள். லார்ட் மார்மலேட், எண் இருபத்துநாலு.

விலியாமி மூன்றாவது பேலட்டைத் தூக்கினார். அது தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே போனதும், கிடங்கு முழுவதும் ஒலிபெருக்கி கரகரத்தது. எல்லா வண்டியும் நின்றது. விலியாமியும் சாவியைத் திருகி நிறுத்தினார். மூவாயிரத்து அறுநூறு உருண்டைகள் அந்தரத்தில் நின்றன.

"அத மட்டும் இறக்கிட்டு நிறுத்தக் கூடாதா?" என்றாள் பிரைடி.

"மணி மூணு தங்கச்சி. பந்தயம்."

"ரெண்டு அம்பத்தொம்பது."

"என் வாட்ச்ல மூணு. கவலப்படாத, மூணரை நிமிஷம்தான் ஓடும். நாடே நிக்குது, நான் மட்டும் ஓடினா நல்லாவா இருக்கும்?"

நியாயம்தான். மூன்று நாலுக்குப் பந்தயம் முடிந்துவிடும் என்று பிரைடியிடம் கணக்குச் சொன்னேன். இயற்பியல் படிப்பவன் சொன்னதால் அவள் நம்பினாள்.

ஒலிபெருக்கியில் வர்ணனையாளர், குதிரைகள் புறப்படும் கூண்டுக்குள் போகின்றன என்றார். இருபத்துமூன்று போய்விட்டன என்றார். பிறகு, எண் இருபத்துநாலு உள்ளே போக மறுக்கிறது என்றார்.

பிரைடி என் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிப் பார்த்தாள்.

மூன்று ஒன்று. லார்ட் மார்மலேட் பின்வாங்குகிறது. மூன்று இரண்டு. நாலு பேர் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். உட்கார்ந்துவிடும் போலத் தெரிகிறது.

"போடா ராசா" என்றாள் பிரைடி ஒலிபெருக்கியைப் பார்த்து. "நல்ல புள்ளல்ல. உள்ள போய் நில்லுடா."

"காரட் அதிகமாத் தின்னுட்டிருக்கும்" என்றார் ஹர்னேக் மெதுவாக. "வயிறு நெறஞ்சா எனக்கும் வேலைக்குப் போகத் தோணாது."

"அத இப்பச் சொல்லணுமா?"

மூன்று நாலு. பிரைடி இப்போது செம்மறியாட்டைப் பட்டிக்குள் விரட்டும் விசிலை அடித்தாள். எங்கள் ஊரில் அதற்கு இருநூறு ஆடு ஓடும். கிடங்கில் ஒருவர் தன்னையறியாமல் ஒதுங்கி நின்றார். மூன்று ஐந்துக்குக் குதிரை உள்ளே போனது. விசிலுக்காகத்தான் போனது என்று பிரைடி இன்றுவரை சொல்கிறாள். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த குதிரை. மறுபடியும், என்னிடம் யாரும் கருத்துக் கேட்கக்கூடாது.

பிறகு ஓட்டம். கிடங்கில் அத்தனை பேரும் கத்தினார்கள். யார் எதற்குக் கத்துகிறார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. பிரைடி மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினாள். மூன்று எட்டரைக்கு ஏதோ ஒரு குதிரை ஜெயித்தது. லார்ட் மார்மலேட் பற்றி வர்ணனையாளர் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் வந்துகொண்டிருந்தது.

"விலியாமி" என்றாள் பிரைடி.

அவர் சாவியைத் திருகினார். வண்டி ரகசிய எண் கேட்டது. பெரிய விரலால் சின்னப் பொத்தானை அழுத்தினார். தப்பு என்றது. மறுபடி அழுத்தினார். பேலட் இறங்கியது. தரையைத் தொட்டது. கருவியை நீட்டினார்.

பச்சை. மணி மூன்று ஒன்பது.

பிரைடி கத்திய கத்தலில் மேற்பார்வைப் பெண் டப்பாவைக் கீழே போட்டாள். ஹர்னேக்கைக் கட்டிப்பிடித்தாள், தலைப்பாகை ஒரு பக்கம் சாய்ந்தது. என்னைக் கட்டிப்பிடித்தாள், இது பத்து வருடமாக நடக்காதது. விலியாமியைக் கட்டிப்பிடிக்கப் போய், கை சுற்றிவராததால் பாதியோடு விட்டாள். பிறகு கிடங்கின் நடுவில் நின்று இரும்பு முனை வைத்த பூட்ஸோடு குதி குதி என்று குதித்தாள்.

விலியாமி என்னிடம் குனிந்தார். "உங்க அக்கா குதிர கடைசிலதான் வந்துச்சு. யாராவது சொல்லுங்கப்பா."

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சுமா?"

கடைசிக் குதிரைக்கும் பரிசு இருந்தது. ஒரு தட்டு நிறைய, இறைச்சி அடைத்துச் சுட்ட சின்னப் பலகாரம், கூடவே ஒரு பாட்டில் தக்காளிச் சாஸ். மேற்பார்வைப் பெண் கொண்டுவந்து கொடுத்தபோது, இத்தனை வருடத்தில் கடைசிப் பரிசை இப்படிக் கொண்டாடிய ஒருத்தியைப் பார்த்ததில்லை என்று எல்லாரும் கை தட்டினார்கள். பிரைடி தலை வணங்கி ஏற்றுக்கொண்டாள். ஹர்னேக் சைவம்; ஆனாலும் சாஸை ரசித்தார்.

அப்புறம்தான் பாதுகாப்பு அதிகாரி ஒரு தாளோடு வந்தார். பிரைடி மஞ்சள் சதுரத்தை விட்டு வெளியே வந்தது விதிமீறலாம். சரக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் எழுதியே ஆக வேண்டுமாம். வெளியேறிய காரணம் என்று ஒரு கட்டம். வழுக்கியது, தடுக்கியது, கவனக்குறைவு என்று மூன்று தேர்வுதான் இருந்தது. அவர் பேனாவோடு வெகுநேரம் யோசித்தார்.

"இதுல உங்களுக்கு எதுவும் பொருந்தலயே" என்றார்.

பிரைடி வாயில் பலகாரத்தோடு தாளை வாங்கி, கீழே ஒரு கோடு தானே போட்டு, 'சந்தோஷம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நேரத்தையும் குறித்துக்கொண்டார்.