வளையொலி

கோகிலா அப்பாவின் தாடைக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் புலவர்கள் எதுகை தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா சேதுபதி வாத்தியாரைத் தூக்குவதற்குள் ஓர் இரங்கற்பா எழுதியாக வேண்டும்.

மலேசிய ஊரான காஜா பெராங்கில் தமிழ் படித்தவர் யார் செத்தாலும், பிணத்தை எடுக்குமுன் பாட்டு வாசிப்பார்கள். இதுவரை எல்லாப் பாட்டையும் எழுதியவர் அப்பாதான். எழுதி, வாசிக்கிறவர் பெயரையே கீழே போட்டுக் கொடுத்துவிடுவார். "பேரு யாருதா இருந்தா என்ன, பாட்டு நல்லா இருக்கணும்" என்பார். அப்படிப் புலவர் பட்டம் வாங்கியவர்கள்தாம் இப்போது பந்தலில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்துக் கொடுத்தே இவர்களை ஒன்றுக்கும் உதவாமல் ஆக்கிவிட்டாரோ என்று கோகிலாவுக்கு வயிறு எரிந்தது. ஊருக்கே பாட்டெழுதிய மனிதர், தனக்கென்று நாலு வரி இல்லாமல் போகக் கூடாது. அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

ஜவுளிக்கடை யூனுஸ் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

"ரெண்டு வரி வந்துச்சும்மா. சரியா இருக்கான்னு தெரியல."

"வாசிங்க நானா. சரியில்லாட்டியும் பரவால்ல."

"அவர்ட்ட காட்டாம நான் எதையும் வாசிச்சதே இல்லம்மா."

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. பாடை தூக்க வந்தவர்கள் "நேரமாச்சுலா" என்றார்கள். அப்போதுதான் புலவர்களின் அவைத்தலைவர் கருணாகரன் எழுந்தார். போன வருஷம் மெர்டேக்கா சுதந்திர தின விழாவில் பாட்டுக்காக மாலை வாங்கியவர். அந்தப் பாட்டும் அப்பா எழுதியதுதான்.

"நான் வாசிக்கிறேன்" என்றார். கோகிலாவுக்கு உயிர் வந்தது.

அவருக்குக் கணீரென்ற குரல். அதில் அப்பாவின் பெயர் வந்ததும் அவள் வாய்விட்டு அழுதாள். கடைசி இரண்டு வரிகள் வந்தன.

"வளையொலி ஓய்ந்த மனையில் இனியார்
விளக்கேற்றி வைப்பார் விழைந்து."

அவள் அழுகை நின்றுபோயிற்று. அம்மா சந்திரமதி செத்த அன்று, அடுப்படியில் உட்கார்ந்து அப்பா எழுதிய வெண்பா. அன்றும் கருணாகரன்தான் வாசித்தார். இன்று பெயரை மாற்றியிருக்கிறார். வளையலை மாற்றத் தோன்றவில்லை.

அவள் பந்தலைப் பார்த்தாள். ஒருவராவது தலை நிமிர்வார் என்று காத்திருந்தாள். எல்லாரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "அருமை, அருமை" என்றார் ஒருவர். இத்தனை வருஷம் அப்பா யாருக்குத்தான் தமிழ் சொன்னார் என்று அவளுக்கு வெறுத்துப்போயிற்று.

"எப்படிம்மா இருந்துச்சு?" கருணாகரன் பக்கத்தில் வந்து கேட்டார்.

"அப்பா பாட்டு மாதிரியே இருந்துச்சு மாமா."

"எல்லாம் அவரு போட்ட பிச்சைம்மா" என்று அவர் கும்பிட்டார்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவ வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கோகிலா துடைப்பத்தை எடுத்துக் குனிந்தாள். வளையல்கள் குலுங்கின. அவற்றை அசையாதபடி மேலே இறுக ஏற்றிவிட்டுக்கொண்டு, தரையைக் கழுவத் தொடங்கினாள்.