எனாமல் தட்டில் நாலு வர்ணம்

டோரதி டீச்சரிடம் இருபத்திரண்டு வர்ணக் குழாய்கள் இருந்தன. பன்னிரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுப்பவள். மண்டி மொஹல்லா மாதா கோவிலுக்குப் படம் எழுத அவளை விட்டால் யார் என்று ஊரும் நினைத்தது, அவளும் நினைத்தாள். சுதந்திரம் வந்த நாலாம் வருஷத் திருநாளுக்குப் புதுப் படம் வேண்டுமென்றபோது, பங்குச் சாமியார் மேகத்தையும் அங்கியையும் அவளுக்குக் கொடுத்தார். மாதாவின் முகத்தை மட்டும் மரியபுஷ்பத்திடம் கொடுத்துவிட்டார்.

மரியபுஷ்பம் ஆஸ்பத்திரி நர்ஸ். ஆபரேஷன் நடக்கும்போது டாக்டருக்குக் கத்தி, கத்தரி எடுத்துக் கொடுப்பவள். அவளிடம் இருந்தது ஒரு நீள எனாமல் தட்டும் நாலே வர்ணமும்தான். வலது கோடியில் வெள்ளை, அடுத்து மஞ்சள், சிவப்பு, இடது கோடியில் நீலம். கறுப்புகூடக் கிடையாது. அந்த நாலைக் குழைத்து அவள் கொண்டுவந்த தோலில் ரத்தம் ஓடியது. டோரதியின் இருபத்திரண்டும் சேர்ந்து எழுதிய அங்கி, காயப்போட்ட போர்வை மாதிரி தொங்கியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டோரதிக்கு அந்தச் சாக்கும் இல்லை, இருவரும் எழுதியது ஒரே துணியில்.

வயிறு எரிந்தது. காப்பி குடித்தாலும் எரிந்தது, ஜெபமாலை உருட்டினாலும் எரிந்தது.

ஒன்றை அவள் கவனித்து வைத்திருந்தாள். மரியபுஷ்பம் தட்டைப் பார்ப்பதே இல்லை. கண் படத்தில் இருக்கும், கை தானாகப் போய் வேண்டியதைத் தொட்டு வரும். சனிக்கிழமை மத்தியானம் அவள் கைகழுவப் போன நேரம் பார்த்து, டோரதி தட்டைத் தலைமாற்றித் திருப்பி வைத்தாள். ஒரு நொடி வேலை.

சாமியார் வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மாதாவின் கண்ணுக்கு வெள்ளை வைக்கப்போன தூரிகை நீலத்தை அப்பியது. துடைக்கத் துடைக்க அது கன்னத்தில் இறங்கியது.

"என் தப்புதான் சாமி. வெள்ளை எப்பவும் வலது பக்கம்தான் வப்பேன். எப்படி மாறிச்சுன்னே தெரியல." மரியபுஷ்பம் தூரிகையை டோரதி பக்கம் நீட்டினாள். "முகத்தை டீச்சரே எழுதட்டும்."

சாமியாரும் சரியென்று தலையாட்டினார். டோரதிக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். தூரிகையை எடுத்துக்கொண்டாள்.

மரியபுஷ்பம் தட்டை வழித்தபடி மெல்லச் சொன்னாள்: "டீச்சர், திங்கக்கிழமை மேட்ரனைப் பாத்து, ஆபரேஷன் ரூம் வேணாம், வார்டுல போடுங்கன்னு கேக்கப்போறேன். அங்கயும் பாக்காமத்தான் எடுத்துக் குடுக்கறேன். இந்தக் கைய நம்பி ஒரு உசிரை விட முடியுமா?"

சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்தில், செய்த பாவத்தைச் சாமியார் காதோடு சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது மரியபுஷ்பத்தின் காதுக்குப் போகாதே. டோரதி தூரிகையைக் கீழே வைத்தாள்.

"ஒன் கை சரியாத்தான் இருக்கு. தட்டைத் திருப்பி வச்சது நான்."

மரியபுஷ்பம் தட்டைத் துடைத்து, வெள்ளையை வலது கோடியில் பிதுக்கினாள். அதை டோரதியின் கைக்கு எட்டாத பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு முகத்தைத் தொடங்கினாள். அன்று அவள் எழுதிய கண் அத்தனை அழகு. பாவத்தை ஒப்புக்கொண்ட டோரதிக்கு, அதைப் பார்க்கப் பார்க்க மறுபடியும் வயிறு எரிந்தது.