உதிரியாக வெந்த வரகு

திருப்பிப் போட்டதும் மூன்றாவது பர்கர் வடையும் தோசைக்கல்லில் பொலபொலவென்று உதிர்ந்தது. சேரன் கையிலிருந்த தோசைத் திருப்பியை வைத்துவிட்டு, சிதறிக் கிடந்த வரகையும் எள்ளையும் பூசணி விதையையும் பார்த்துக்கொண்டு நின்றான். முந்நூறு பேருக்குப் பிரியாணி தம் போடுகிறவன். காட்டுமன்னார்கோயிலிலிருந்து கிள்ளை வரை, சேரன் மாஸ்டர் வருவாரா என்று கேட்டுக்கொண்டு கல்யாணத் தேதி வைக்கிறவர்கள் உண்டு.

"இன்னும் ஒரு மணி நேரத்துல கெளம்பணும்னு சொல்லிட்டுப் போறாரு பெரியவரு" என்றாள் ஜான்சி டீச்சர். அது அவள் சமையலறை. அடுத்த வீடு சாவு வீடு. சுடுகாட்டில் பால் தெளித்துத் திரும்பும்வரை அங்கே அடுப்பு மூட்டக் கூடாது.

சேரனின் அக்கா கயல்விழியின் கணவர் அருண்பாண்டியனை நேற்று மாலைதான் எரித்தார்கள். கடலூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். முந்தாநாள் காலை சிதம்பரத்திலிருந்து வழக்கமான பஸ்ஸில் போய், கடையைத் திறந்து, ஸ்டூலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நாற்பத்தெட்டு வயது.

பால் தெளிக்கும்போது செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும். பீடி, பிராந்தி, வறுத்த மீன் என்றால் வழியில் வாங்கிக்கொள்ளலாம். அருண்பாண்டியனுக்குப் பிடித்தது எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆறு வருஷமாகக் கறி, முட்டை, பால் எதையும் தொடாதவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தானியத்தையும் விதைகளையும் தானே பிசைந்து தட்டிச் சுட்டு, பன்னுக்குள் வைத்துத் தின்பார். மகள் இளமதியும் அப்பாவோடு சேர்ந்துகொண்டாள்.

"அத நான் செய்றேன்" என்று நேற்று எல்லார் முன்னாலும் சொன்னது சேரன்தான். யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. ஏன் என்று அவனுக்குத் தெரியும்.

தை மாதம் அவன் மகளுக்குக் காதுகுத்து. மாமாவுக்கென்று தனியாக இதே வடையைச் சுட்டு வைத்தான். இரண்டு தின்றுவிட்டு, "மச்சான், ஒடையாம என்னுதவிட நல்லா நிக்கிதே ஒனக்கு!" என்றார் அவர். "முட்ட ஊத்துனா நிக்காம என்னா மாமா?" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்லிச் சிரித்தான். பந்தியும் சிரித்தது. அருண்பாண்டியன் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அக்கா அவன் போனை எடுக்கவில்லை. நேற்று வந்தவர்களின் கழுத்தையெல்லாம் கட்டிக்கொண்டு அழுதவள், அவன் கொண்டுபோன பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மட்டும் வாங்கிக்கொண்டாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

டீச்சர் ஃபிரிட்ஜைத் திறந்தாள். "ஒரே ஒரு முட்ட. ஒடச்சு ஊத்துனா அப்பிடியே நிக்கும். சாம்பல்கிட்ட வெக்கப்போறது, யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் நீட்டிய முட்டையை வாங்கினான். உள்ளங்கை சில்லிட்டது. அவளிடமே திரும்ப நீட்டினான்.

"வேணாம் டீச்சர். ஒருவாட்டி ஏமாத்துனது போதும்."

"அப்ப இத உப்புமாவாத்தான் கிண்டணும்."

ஜன்னலுக்கு வெளியே இரண்டு வீட்டுக்கும் பொதுவான குட்டைச் சுவர். அந்தப் பக்கம் குழாயடியில் யாரோ சொம்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"வரக எப்பிடி வேக வெச்ச?"

கயல்விழிதான். ஈரத்தலையில் துண்டு சுற்றியிருந்தது. முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வடிச்சேன்க்கா. உதிரியா."

"பிரியாணிக்கா வடிக்கிற? கொழைய வுடணும்டா. கரண்டியால அடிச்சா ஒட்டணும்."

இருபது வருஷமாக ஒரு பருக்கை இன்னொரு பருக்கையைத் தொடாமல் பார்த்துக்கொண்ட கை. அவனுக்கு அது தோன்றவேயில்லை.

"ஆளி வெத பொடி?"

"தூவிட்டேன்."

"தூவுனியா! தண்ணியில ஊற வெச்சா கொழகொழன்னு வரும். அதான் புடிக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "பெரிய மாஸ்டரு" என்றாள்.

சேரன் வரகைத் திரும்ப அடுப்பில் ஏற்றித் தண்ணீர் ஊற்றினான். ஆளி விதைப் பொடியைக் கிண்ணத்தில் நனைத்தான். வாசலில் பெரியவர் திருநாவுக்கரசு வந்து நின்றார், அருண்பாண்டியனின் அண்ணன்.

"வெயில் ஏறுது. ரெண்டு வாழப்பழத்த வெச்சிட்டுப் போவலாம், வாடா."

"பத்து நிமிஷம் மாமா."

"தெளிக்க மாட்டுப்பால் கூடாதுன்னு டீச்சரு தேங்காப்பால் புழியுது, நீ கம்பு சோளம்னு வேக வெக்கிற. என்னா எழவோ!" என்று சலித்தபடி படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

குழைந்த வரகை மசித்து, வறுத்த விதைகளும் வெங்காயமும் மிளகும் சேர்த்துப் பிசைந்தான். கல்லில் போட்டுவிட்டுத் தொடாமல் காத்திருந்தான். ஓரம் சிவந்தது. திருப்பினான். நின்றது.

ஆறு வடையை இலையில் வைத்து ஜன்னல் வழியே சுவருக்கு மேலே நீட்டினான். கயல்விழி வாங்கி ஒன்றை இரண்டாகப் பிட்டாள்.

"மதி!"

இளமதி வந்தாள். முந்தாநாளிலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் அவள் வாய்க்குள் போகவில்லை. வடையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலில் நின்ற சேரனைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"தின்னு. நான் இங்கியேதான் இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு" என்றாள் அம்மா.

"படைக்கிறதுக்கு முந்தியா?" என்று படியிலிருந்து எழுந்தார் திருநாவுக்கரசு.

"அவரு என்னைக்கு முதல்ல தின்னாரு? புள்ளைக்குக் குடுத்துட்டுதான் திம்பாரு."

அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

இளமதி ஒரு கடி கடித்தாள். மெதுவாக மென்றாள். மீதியையும் மறுபாதியையும் தின்றுவிட்டுக் கையை மறுபடி இலைப்பக்கம் நீட்டினாள். அவள் மோவாயில் ஒரு எள் ஒட்டியிருந்தது. கயல்விழி அதைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

"அஞ்சுதான் இருக்கு. இது அவருக்குச் சரியா இருக்கும்" என்றாள் சுவருக்கு இந்தப் பக்கம் பார்த்து. "இவளுக்கு இன்னும் ரெண்டு சுடுடா."

சேரன் உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு அடுத்த உருண்டையை எடுத்தான்.