ஸ்டெபி சொல்ல, அப்பா எழுத

பிளஸ் டூ பரீட்சையில் ஸ்டெபி வாயால் பதில் சொல்லலாம், ஒரு டீச்சர் எழுதிக்கொள்வார், கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு என்று அனுமதி வந்த அன்று, அவள் அம்மா தபித்தாள் கேசரி கிளறினாள். ஸ்டெபிக்கு டிஸ்லெக்சியா. பாடமெல்லாம் தலைக்குள் தெளிவாக இருக்கும். தாளில்தான் எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும்.

"சொல்லிப் பழகணுமே. நான் எழுதறேன்," என்று அப்பா தேவநேசன் பேனாவை எடுத்தார்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. 'காட்டெருமை புல் தின்னும்' என்று அவள் சொன்னால், 'காட்டெருமையானது இறைவன் படைத்த பசும்புல்லை விரும்பி உண்ணும்' என்று தாளில் இருந்தது.

"இறைவனை நான் எப்பப்பா சொன்னேன்?"

"மார்க் கூட வரும் கண்ணு."

"டீச்சர் நான் சொல்றதை மட்டும்தான் எழுதுவாங்க. காலேஜ் விஷயத்துலயும் நீங்க இப்படித்தான்."

அதுதான் உண்மையான கோபம். ஸ்டெபிக்கு ஊட்டியில் விலங்கியல் படிக்க ஆசை. தேயிலைத் தோட்டத்துக்குள் மேயும் காட்டெருமைகளைக் கொம்பை வைத்தே அடையாளம் சொல்லுவாள். அப்பாவோ பி.காம் என்று முடிவு கட்டியிருந்தார்.

"அதுல பேரெல்லாம் லத்தீன். அந்த எழுத்தோட எல்லாம் நீ மல்லுக்கட்ட வேண்டாம்னுதான்," என்றார். குரல் இறங்கிவிட்டது.

"ஏனுங்க, ஆபீஸ்லயும் இப்படித்தான் எழுதுவீங்களா?" என்றாள் தபித்தாள்.

குன்னூரில் தேயிலை ஏலத்துக்கான ஆபீஸில் அவருக்கு வேலை. அங்கே தேயிலையை ருசித்துத் தரம் சொல்லும் டேஸ்டர், வரிசையாக வைத்த கப்புகளில் கரண்டி விட்டு, 'ஸ்ர்ர்' என்று உறிஞ்சி, துப்பி, ஒரு வார்த்தை சொல்லுவார். பின்னாலேயே நடந்து தேவநேசன் எழுதுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தை மாற்றியதில்லை.

"மாத்தினா வேலை போயிடும்டி."

மறுநாள் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஆறு கப் பால் விடாத கட்டன் சாயா, ஒரு கரண்டி. கீழே பக்கெட். ஸ்டெபி முதல் கப்பை உறிஞ்சினாள், துப்பினாள்.

"காட்டெருமை. லத்தீன்ல போஸ் காரஸ். புல்லும் தளிரும் தின்னும்."

தேவநேசனின் கை தானாக எழுதியது. மூன்றாவது கப்பில் அவர் நோட்டோடு பின்னால் நடந்துகொண்டிருந்தார். ஆறாவது கப்பில் ஜீரண மண்டலப் பாடமே முடிந்துவிட்டது. தபித்தாள் படித்துப் பார்த்தாள். இறைவன் எங்கேயும் இல்லை.

"எல்லாம் சரி. உறிஞ்சற சத்தம்தான் பத்தலை," என்றார் தேவநேசன்.

ஒரு மாதம் தினமும் இதே கூத்து. ஊட்டுக்குள்ள ஃபேக்டரி வெச்சிருக்கீங்களா என்று பக்கத்து வீட்டு ரேச்சல் வந்து எட்டிப் பார்த்தாள்.

உயிரியல் பரீட்சையன்று முதல் கேள்விக்கே ஸ்டெபிக்கு வாய் கட்டிக்கொண்டது. எதிரே ராஜகுமாரி டீச்சர் பேனாவோடு காத்திருந்தார்.

"டீச்சர், கொஞ்சம் தண்ணி உறிஞ்சிக்கட்டுமா?"

"குடிம்மா."

"குடிக்கறதில்லைங்க. உறிஞ்சறது."

டீச்சர் திகைத்துப்போய்த் தலையாட்டினார். ஸ்டெபி உறிஞ்சி, துப்ப இடமில்லாமல் விழுங்கிவிட்டாள். அப்புறம் அவள் சொன்ன வேகத்தில், நடுவில் இரண்டு முறை டீச்சர் கையை உதறிக்கொள்ள வேண்டியிருந்தது.

மே மாதம் ரிசல்ட் வந்தது. உயிரியலில் எண்பத்து மூன்று. தேவநேசன் மொபைலில் கல்லூரி விண்ணப்பத்தைத் திறந்தார். முதல் விருப்பம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. ஸ்டெபி ஓடிப்போய் ஒரு கப் சாயாவும் கரண்டியும் கொண்டு வந்தாள். ஸ்ர்ர்.

"விலங்கியல்."

விரல் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"மாத்தினா வேலை போயிடும்," என்றாள் தபித்தாள். "காலேஜ்லயும் எழுத ஆள் தருவாங்களாம். நான் விசாரிச்சுட்டேன்."

"அந்த போஸ் காரஸுக்கு ஸ்பெல்லிங் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுப்பா. ஆனா எந்த மூலையில நின்னாலும் அதை எனக்குத் தெரியும்."

தேவநேசன் மொபைலில் அடுத்த கட்டத்துக்கு விரலை நகர்த்தினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ரெண்டாவது விருப்பம்னு ஒரு கட்டம் இருக்கு. சும்மாதான் கேக்குது."

ஸ்டெபி அவர் முகத்தைப் பார்த்தாள். கரண்டியை எடுத்து, பக்கத்து வீட்டுக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சினாள்.

"பி.காம்."

இப்போதும் அவர் ஒரு வார்த்தை மாற்றவில்லை.