ஏழாம் நம்பர் கல்

நிலவியல் ஆராய்ச்சிப் படிப்புக்கு ஒரே ஓர் இடம். போன வருடம் கை நழுவிப் போனது. இந்த முறையும் கிடைக்காவிட்டால் மாமாவின் டைல்ஸ் கடையில் நின்று, வருகிறவர்களிடம் எல்லாம் "வழுக்காது மேடம்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேராசிரியர்கள். ஆய்வக உதவியாளர் அலமாரியிலிருந்து எடுத்து வைத்த ஏழு கற்கள் தட்டில் இருந்தன. ஆறுக்கும் மளமளவென்று பெயர் சொல்லிவிட்டேன். ஏழாவதைத் திருப்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"என்னம்மா, மாட்டிக்கிட்டியா? கூழாங்கல் ஒட்டி உருவான பாறை. இதுகூடத் தெரியலையா?" என்றார் துறைத்தலைவர்.

தாடிக்காரப் பேராசிரியர் அதை வாங்கி நாக்கால் ஒரு இழுப்பு இழுத்தார். எங்கள் நிலவியல் ஆட்கள் அப்படித்தான். ஈரம் பட்டால் கல்லின் மணிகள் பளிச்சென்று தெரியும். "தப்பா நினைக்காதீங்க சார், இது எரிமலைச் சரக்கு."

விடுவாரா துறைத்தலைவர்? அவரும் நக்கினார். பேராசிரியை அந்த எச்சில் கல்லை இரண்டு விரலால் பிடித்து ஒரு சொட்டு அமிலம் விட்டார். நுரைத்தது. "ரெண்டு பேரும் சும்மா இருங்க. சுண்ணாம்புக்கல்."

நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று. கடைசியில் என் மதிப்பெண் தாளிலேயே ஆளுக்கொரு பதில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

"நீ சொல்லும்மா, யாரு சரி?" என்று என் பக்கம் திரும்பினார் துறைத்தலைவர்.

ஒருவர் பக்கம் சாய்ந்தால் மற்ற இருவரும் என் கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் அப்பா கொத்தனார். லீவு நாளெல்லாம் அவருக்குக் கலவைச் சட்டி தூக்கியவள் நான்.

"இது கான்கிரீட் சார். ஜல்லி, மணல், சிமெண்ட். இந்தப் பக்கம் பாருங்க, கரணை இழுத்த தடம்."

உதவியாளரைக் கூப்பிட்டார்கள். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "தூசி தட்டுறப்ப மாறியிருக்கும் சார். இது ஜன்னலுக்கு முட்டுக் குடுத்தது. நம்ம கல்லு இப்ப ஜன்னல்ல இருக்கு."

யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. மூவரும் கையெழுத்துப் போட்ட தாளையே பார்த்தார்கள். தாடிக்காரர் கைக்குட்டையால் நாக்கைத் துடைத்துக்கொண்டார்.

துறைத்தலைவர் குரலைத் தாழ்த்தினார். "இதை வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

"நம்ம டிபார்ட்மெண்ட் விஷயத்தை நான் ஏன் சார் வெளிய சொல்றேன்?" என்றேன். "என் மேசை எதுன்னு மட்டும் காட்டுங்க."