ஒன்பதாம் கட்டிலின் பதில்

மாக்ரெட் எல்லாக் கேள்விகளுக்கும் ஐந்துக்கு ஐந்து புள்ளி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்களோட மரியாதையாக் கதைச்சாங்களா அன்ரி?"

"ஓம் பிள்ளை. அஞ்சு போடுங்கோ."

ஷிஹாராவின் பேனை நின்றது. நோயாளிகள் மரியாதையோடு நடத்தப்படுகிறார்களா என்று பல்கலைக்கழக ஆய்வொன்றுக்காகக் கேட்டெழுத வந்தவள் அவள். பெண்கள் சத்திரசிகிச்சை வார்ட்டில் ஒன்பதாம் கட்டிலில் கிடந்த இவர் ஒன்பதாவது ஆள். ஒன்பது பேரும் ஐந்துதான். தாதி நிலூகா ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் கைகட்டி வந்து நின்றாள்.

"மிஸ், இதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்," என்றாள் ஷிஹாரா சிங்களத்தில்.

"எனக்குத் தெரியாமல் என்ன கேள்வி? இங்கேயே கேளுங்கள்."

ஷிஹாரா அனுமதிக் கடிதத்தை நீட்டினாள். நிலூகா அதை வாங்கவில்லை, நகரவுமில்லை. பக்கத்துக் கட்டில்களில் பேச்சு அடங்கிப்போனது.

"அடுத்ததைக் கேளுங்கோ," என்றார் மாக்ரெட்.

"உடம்பு துடைக்கக்குள்ள மறைப்புப் போட்டாங்களா?"

மாக்ரெட் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரர், கப்பல் கொம்பனியில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர். தாதியையே பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை நீங்கள் என் உடுப்பைக் கழற்றியபோது மருமகன் சாப்பாட்டோடு இந்த இடத்தில் நின்றார். அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை, மிஸ்." ஷிஹாராவிடம் திரும்பினார். "ஒண்டு போடுங்கோ."

நிலூகாவின் முகம் சிவந்தது. "நாற்பத்திரண்டு கட்டில். ஒரே ஒரு மறைப்பு. நாங்கள் இரண்டு பேர். அதையும் எழுதுங்கள்!" விறுவிறென்று போய்விட்டாள்.

அதற்குப் படிவத்தில் இடமில்லை. ஷிஹாரா ஓரத்தில் எழுதிக்கொண்டு எழுந்தாள். மாக்ரெட் அவள் கையைப் பிடித்தார்.

"மூண்டு மணிக்கு எனக்கு மருந்து கட்டுறது அவதான். கொஞ்சம் நிப்பீங்களா பிள்ளை?"

"இரிக்கிறேன் அன்ரி."

மூன்று மணிக்குத் தள்ளுவண்டி வந்தது. நிலூகா யாரையும் பார்க்கவில்லை. இரண்டு படுக்கை விரிப்புகளை ஜன்னல் கம்பியிலிருந்து சேலைன் ஸ்டாண்ட் வரை இழுத்துக் கட்டினாள். ஒரு பக்கம் சரிந்தது, சட்டை ஊசியால் குத்தி நிறுத்தினாள். பழைய கட்டை அவிழ்த்தபோது மாக்ரெட் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"நோகிறதா?" என்றாள் நிலூகா.

மாக்ரெட் கண்களைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"ஆம்," என்றார். "நோகிறது."

நிலூகா கையை எடுத்தாள். புதிய பஞ்சை நனைத்து, மீண்டும் மெதுவாகத் துடைக்கத் தொடங்கினாள்.