மாமியார் கொத்திய படங்கள்

என் மனைவியின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. கேமரா எப்போதும் அவள் கையில்தான் இருக்கும்.

ஆராய்ச்சிக்கூடத்தில் புறாக்களுக்குப் படம் காட்டுவது அவள் வேலை. திரையில் வரும் படத்தில் ஆள் இருந்தால் புறா கொத்த வேண்டும்; தானியம் விழும். ஆளில்லாத படம் என்றால் சும்மா இருக்க வேண்டும். அந்த ஆளில்லாத படங்களை அவள் எங்கள் வீட்டிலேயே எடுப்பாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. புறா கண்ணுக்கு நீங்களும் மனுஷன்தான்" என்பாள்.

அவள் இறந்து மூன்று வாரம் கழித்து அவள் தம்பி வந்தான். அதே ஆராய்ச்சிக்கூடத்தில் புறாக்களைப் பராமரிப்பவன். கையில் ஓர் அட்டைப்பெட்டி.

"அக்கா மேஜையில இருந்துச்சு, அத்தான். எல்லாம் மாமியார் தப்புப் பண்ணின படம்."

மாமியார் ஒரு சாம்பல் நிறப் புறா. இல்லாததையும் இருக்கிறது என்று கொத்துவதால் அக்காளும் தம்பியும் வைத்த பெயர்.

பதினான்கு படங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் 'தவறு' என்று அவள் கையெழுத்து. முதல் படம் எங்கள் சமையலறை. யாருமில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். எவர்சில்வர் குடத்தின் வயிற்றில் மிளகளவு ஓர் உருவம், கையில் கேமரா.

"டேய், உங்கக்காடா."

அவன் வாங்கிப் பார்த்தான். "அடப்பாவமே! அதுக்கு நாங்க தானியமே போடலையே!"

ஜன்னல் கண்ணாடியில், கதவின் பித்தளைக் குமிழில், தரையில் விழுந்த நிழலில் என்று பதினான்கிலும் இருந்தாள். ஒன்றிலும் முகம் தெரியவில்லை. கண்ணாடியிலும் குமிழிலும் கேமரா மறைத்திருந்தது. நிழலுக்கு முகம் ஏது?

அவள் கையில் கேமரா இல்லாத ஒரு படம் வேண்டும் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். சமையலறையில் பளபளப்பதையெல்லாம் துணியால் மூடினேன். கேமராவை மேடைமேல் வைத்து, தானாக எடுக்கும்படி விட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். படத்தில் இரண்டு பிரதி போட்டு ஒன்றை மாமியாருக்குக் காட்டச் சொல்லி மச்சினனிடம் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் போன் செய்தான்.

"அத்தான், மாமியாருக்கு வயசாயிடுச்சு."

"கொத்துச்சா?"

"நிறுத்தவே இல்ல."

"தானியம் போட்டியா?"



"போட்டேன், அத்தான்."

இன்னொரு பிரதி என் மேஜையில் கவிழ்ந்து கிடக்கிறது. பூதக்கண்ணாடி பக்கத்திலேயே இருக்கிறது.